அலமாரிக்குள் முனகிய போன்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். எனக்கு நீ எழுதி ஏழு மாதமாகிறது, ஆகவே அவள் சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும். அவளுடைய முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, குளியலறைக் குழாயும் அப்படியே ஒழுகுகிறது. உன் தங்கையிடமிருந்து பத்து நாளாக உனக்குப் பதில் வந்திருக்காது. அவளுக்கு உன்மேல் கோபமில்லை. என்மேல்தான்.

உன் மாமா யாரையும் கேட்காமல் அவளுக்கு அந்தப் போனை வாங்கித் தந்தாரே (அந்த மனிதரின் தாராளம் எப்போதும் என் தலையில்தான் விடியும்), அன்றிலிருந்து வேதியியலில் எண்பத்தெட்டு வாங்கியவள் ஐம்பத்தொன்றுக்கு இறங்கினாள். புத்தகம் மடியில், கண் போனில். யாரோ ஒருத்தி தலை பின்னிக்கொள்வதை நாற்பது நிமிடம் பார்க்கிறாள். ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில், தான் போட்ட படத்துக்கு எத்தனை லைக் என்று எட்டிப் பார்க்கிறாள். சொன்னேன், கத்தினேன், செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போனைப் பிடுங்கிக்கொண்டுபோய், எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அமில பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் வைத்தால் உன் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து அது உள்ளே முனகிக்கொண்டே இருந்தது. உதவியாளர் வந்து, என்ன சார், அலமாரிக்குள்ள வண்டு பூந்துடுச்சா என்றார். கத்தட்டும்யா, கத்திக் கத்தி ஓயட்டும் என்றேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் வேதியியல் ஆண்டுத் தேர்வு. புதன்கிழமை வைத்திருந்ததைத் திங்களுக்கு மாற்றியதை ஞாயிறு மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டிருக்கிறார்கள். முனகியதெல்லாம் அவள் தோழிகள். எங்கடி இருக்க, மணி அடிக்கப்போறாங்க, ஓடி வாடி என்று. இவளோ வீட்டில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஒருத்தி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். கல்லூரியில் என் செய்முறை நோட்டைப் பார்த்து எழுதித் தேறிய அதே ஆள்தான். குழுவுல போட்டோமே சார், எல்லாரும் பார்த்தாங்களே என்கிறார். மறுதேர்வு உண்டாம், ஆனால் வருகிற வெள்ளிக்குள் மாணவியே கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். விட்டால் ஒரு வருடம் போய்விடும். இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். போன் இருந்தப்ப ஐம்பத்தொண்ணு, இல்லாதப்ப முட்டை, கணக்கு சரியாப்பா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு பேச்சே இல்லை.

அவள் கேட்பது உன் பேச்சை மட்டும்தான். எனக்கு அதில் பொறாமை உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே, நல்லபடியாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, வெள்ளிக்கிழமை கடைசி; தபால் தாமதிக்கும் என்றுதான் இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். போனை அவளிடம் கொடுத்தேன், தொடவில்லை. அவள் அறை வாசலில் ஸ்டூல் போட்டு, தினமும் சார்ஜ் ஏற்றி அதன்மேல் வைக்கிறேன். ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிடாதே. அவள் எடுக்கிறவரை முனகட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா