மருந்து விட முந்தி

கல்முனைக்குடி,
நோன்பு 17

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆக் கேட்காத நாளில்லை. ஆனால் இது சுகம் விசாரிக்கிற கடிதமில்லை. போனில் சொல்லலாம்தான். நீங்கள் எடுக்கிற நேரமெல்லாம் போன் மகள் நிஹ்லாவின் கையில். அவள் முன்னால் கதைக்க முடியாத விஷயம். அவள் தூங்கிய பிறகு நான் எடுத்தால் உங்களுக்கு டியூட்டி. அதனால்தான் சனிக்கிழமை கட்டாருக்கு வருகிற றிபாத்திடம் கொடுத்தனுப்புகிறேன். மாசிச் சம்பலும் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படியுங்கள்.

அவளுக்கு இடது கண் தெளிவில்லை என்று சொன்னேனே. சும்மா எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளின் கண் உள்ளுக்குள் முக்கி முக்கித் தன் குறையை மறைத்துவிடுமாம். மருந்து விட்டால்தான் அது களைத்துச் சும்மா இருக்கும், அப்போதுதான் கண்ணாடிக்குச் சரியான அளவு எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

கண் கிளினிக்குக்கு இரண்டு தரம் போனோம். இரண்டும் வீண். முதல் தரம் மூன்றாம் நோன்பு. நேர்ஸ் மிஸ்ஸி முதல் துளியை விட்டதுதான் தாமதம், தொண்டை கசக்குது, நோன்பு முறிஞ்சிட்டு என்று கத்தத் தொடங்கினாள். நான் நம்பர் துண்டைத் தேடித் திரும்புவதற்குள் பைப்படிக்கு ஓடிக் கண்ணை அலசி, வாயையும் கொப்பளித்துவிட்டாள். டொக்டர் லைட் அடித்துப் பார்த்தால் கண்மணி விரியவே இல்லை.

பிறகு மௌலவியிடம் கேட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறியாது, அதோடு ஏழு வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையுமில்லை என்றார். அதைச் சொல்லித்தான் பத்தாம் நோன்பன்று கூட்டிப் போனேன். மௌலவியை விடப் பெரிய ஆள் ஒருவர் அவளுக்கு இருக்கிறார். அழுத அழுகையில் விட்ட மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்து, துடைத்த என் லேஞ்சிதான் நனைந்தது. நான் அவளை அடித்துக் கூட்டி வந்தவள் மாதிரிக் கிளினிக்கே என்னைப் பார்த்தது. உண்மையில் அடித்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஏசியபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. முப்பது நோன்பும் பிடித்தால் வாப்பா பெருநாளைக்கு வந்து நிற்பேன் என்றீர்களாம். ஒன்று முறிந்தாலும் இருபத்தொன்பதுதான், வாப்பா வரமாட்டார் என்று விம்முகிறாள். உம்மா சொல்லி, மௌலவி சொல்லி ஒன்றும் ஏறாது. வாப்பா சொல்லட்டுமாம்.

லீவில்லை என்று போன மாதமே எனக்குச் சொன்னீர்கள்தானே? பிறகேன் பிள்ளைக்கு அப்படிச் சொன்னீர்கள்? போனில் அவள் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு சொல்லை எறிந்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். அதை நம்பி இந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறாள், கண்ணையும் கெடுக்கிறாள். இடது கண் வேலையை விட்டுவிட்டது, எல்லாம் வலது கண்தான் பார்க்கிறது, தாமதித்தால் பிறகு கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்கிறார் டொக்டர். எனக்குக் கோபமா பயமா என்றே தெரியவில்லை.

வருகிற வியாழன் மறுபடி திகதி தந்திருக்கிறார்கள். அதையும் விட்டால் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான்.

கடிதம் கிடைத்த அன்றே போன் எடுங்கள். மருந்தால் நோன்பு முறியாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வருவதென்றால் வருகிறேன் என்றும், வராவிட்டால் முப்பது பிடித்தாலும் வர முடியாது என்றும் சொல்லிவிடுங்கள். அழுவாள். மூன்று வருஷமாக நான் சமாளித்த மாதிரி அதையும் சமாளிப்பேன். ஆனால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். அழுவதை மருந்து விட முந்தி அழுது முடிக்கட்டும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் சேர்ப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் சுல்பிகா