சோறு வந்தது, நான் போகவில்லை

அத்தை,

இன்று தாராபுரத்தில் என் தம்பி மனைவிக்குக் கட்டுச்சோறு. எள் வறுத்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. பிறந்த வீட்டார் சோறு கட்டி வந்திருக்கிறார்கள். விருந்து முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். எனக்கு உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

என் முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போனது. கருப்பையில் அழற்சி, அதனால்தான் வலி முந்திக்கொண்டது என்றார் பீளமேட்டு டாக்டரம்மா. மறுபடி உண்டானபோது அவரே ஒரு ஹார்மோன் மருந்து எழுதினார். "புரோஜெஸ்டிரான். கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன்தான். அழற்சியை அடக்கும், வலி முந்தாமப் பாத்துக்கும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு நாளும் விடாதீங்க, தூரப் பயணமும் வேண்டாம்."

எனக்கும் கட்டுச்சோறு வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் நம் வீட்டு வாசலில் என் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சோறு வந்தால் பெண் கூடப் போயே ஆக வேண்டும் என்பது அவர்கள் முறை. அதற்கு மேல் என் பெரியம்மா வேறு.

"ஏனுங் சம்பந்தி, ஹார்மோனு கோழிப்பண்ணையில போடறதல்லொங்க? புள்ளைக்கு எதுக்குங்க? எங்கூட்டுக்கு வந்தா கசாயம் வெச்சுக் குடுத்தே தேத்திப்போடுவோம்."

இதுவும் போய்விட்டால் என்ற பயத்தில் உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்களோ எள்ளுச்சோறு பரிமாறிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்.

"பொம்பளை ஒடம்புல ஊறறதுதானுங்க அது. அம்மணிக்குக் கொஞ்சம் சேத்திக் குடுக்கறாங்க. சோறு வந்துதுங்க, ரொம்பச் சந்தோசம். அம்மணி வராதுங்க. பிரசவம் இங்கதான்."

அத்தனை மரியாதையாக ஒருவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாயசத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கியவுடன் டாக்டரம்மாவிடம் கேட்டீர்கள்.

"ஏனுங்க, நாஞ் சின்னவளா இருக்கையில இந்த மருந்து இருந்துதுங்களா? எம் மூத்தவனும் ஏழாம் மாசந்தானுங்க."

என் கணவருக்கு ஓர் அண்ணன் பிறந்து தங்காமல் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவருக்கும் தெரியாது. டாக்டரம்மா தயங்கிவிட்டுச் சொன்னார். "மருந்து இருந்துச்சுங்கம்மா. இதுக்கு இப்படிக் குடுக்கலாம்னு அப்பத் தெரியல."

நீங்கள் உடைந்து போவீர்கள் என்று பயந்தேன். குழந்தையின் நெற்றியைத் தடவி, "செரி, இவளுக்காச்சு தெரிஞ்சுதல்லொங்க" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்களும் அவனைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று, நீங்கள் இல்லாத இப்போது தோன்றுகிறது.

ஆனால் அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது அத்தை. இங்கே விருந்துக்கு வந்த ஓர் அம்மா, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். முன்பெல்லாம் ஒன்று என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று நிமிர்ந்து சொன்னேன்: "ரெண்டுங்க. மூத்தது தங்கல." அவர் கேட்காததையும் சொன்னேன்: "எங்க அத்தைக்கும் ரெண்டுங்க."