பரணாகிப் போன மாடி அறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் குட்டிப்பயலும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. வேலையும் போய், மாப்பிள்ளையும் கைவிட்ட பிறகு அங்கே என்ன இருக்கிறது, பிள்ளையோடு வந்துவிடுகிறேன், என் மாடி அறை போதும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அறை இப்போது இல்லையடி. நம் கட்டடத்துக்குக் கூரை மாற்றினார்கள். பழங்காலத்துக் கட்டடமாம், முதலில் இருந்தபடியே கட்ட வேண்டுமாம், ஆனால் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டாம் என்றார்கள். பெரிய மனசுதான்! இந்தப் பக்கம் பிரித்தால் அந்தப் பக்கம் குடித்தனம், அந்தப் பக்கம் பிரித்தால் இந்தப் பக்கம். தார்ப்பாய்க்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு சமைத்தேன். ஓடு மாற்றுகிறவர் மேலிருந்து எட்டிப் பார்த்து என்னம்மா இன்னைக்குச் சமையல்னு கேட்பார், நீங்க கொட்டுன மண்ணுதாம்பா என்பேன்.

அளக்க வந்தவர்கள் உன் அறையில் யாரு இருக்காங்கன்னு கேட்டார்கள். ஆள் இருக்கும் அறையைத்தான் முதலில் பிரிக்கிறார்கள் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னதை நம்பி, உன் சாமான்கள் நனையக் கூடாதே என்று அப்பா, இது பரணுங்க, தட்டுமுட்டு போடுற இடம்னு சொல்லிவிட்டார். இவருக்கு எதற்கு இந்தச் சாமர்த்தியம்? பழைய வரைபடத்திலும் அது பரண்தானாம். ஏணிப்படியை எடுத்துவிட்டு, ஏறும் வழியைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். நீ படுத்திருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் புது உத்தரம் குறுக்கே போகிறது. அறையைத் திரும்பக் கேட்டு அப்பா அவர்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். நீங்க சொன்னதுதானே பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். திட்டவும் மனம் வரவில்லை.

பழைய சுவர் புதுப் பாரத்தைத் தாங்காது என்று எங்கள் ஒரே அறைக்குள்ளும் இரும்புத் தூண்களை நட்டுவிட்டார்கள். தற்காலிகம் என்றார்கள், இப்போது எடுக்க முடியாதாம். நானும் அப்பாவும் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுக்கிறோம். உன் கட்டிலை விற்றாகிவிட்டது. வேறு வீடு பார்க்க நமக்கு வக்கில்லை, உனக்குத் தெரியாததா? கூரை மட்டும் அழகாக இருக்கிறது, போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, இருமலை அலட்சியம் செய்யாதே. எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் உண்டு. ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தலையணையைப் போட்டுப் பார்த்தோம், கொள்கிறது. பிள்ளையை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா