ஒரே திருகில் திறந்த மூடி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் நலம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மாடி வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். நம் கூரையில் ஈரம் அப்படியே இருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால், ஒழுகுகிற இடத்தில் டேப்பைச் சுற்றிவைத்திருக்கிறார். யாரைத்தான் நம்புவீர்கள் என்று அம்மா கேட்கிறாள். எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குத்தான் ஓய்வு கொடுத்தது, என் மூக்குக்குக் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது காப்பித்தூள் பாட்டிலை எடுத்தாய். பேசிக்கொண்டே ஒரே திருகில் மூடியைத் திறந்தாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே காலையில் விரல் மடங்காமல், மூட்டெல்லாம் வீங்கி அழுத பிள்ளை நீ. சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிடுவாள். அந்த ஒரு திருகலைப் பார்க்க நான் வேண்டாத தெய்வமில்லை. பார்த்ததும் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது.

உன் ஆராய்ச்சிக்கூட வேலையை எனக்குப் புரியவைத்தவள் நீதான். உடம்பிலுள்ள செல்லின் மேல் ஒரு சுவிட்ச் மாதிரி இருக்கிறது, அதை அழுத்தினால் வீக்கம் அடங்கும் என்றாய். அதை அழுத்த ஒரு புரதத் துணுக்கைச் செய்கிறோம், ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க அதற்கு ஒரு கொழுப்பு வால் வைக்கிறோம் என்றாய். வால் செல்லின் தோலில் செருகிக்கொள்ளும், தலை சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். எலிக்குத்தான் கொடுத்திருக்கிறோம், மனிதருக்கு வர வருஷக்கணக்காகும் என்றும் சொன்னாய். செருகியதை வேண்டாமென்றால் எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். "அதான்ப்பா இன்னும் பிடிபடல" என்று சிரித்தாய்.

அடுத்து, அன்று வீடியோவில் உன் கட்டைவிரலில் பார்த்த பிளாஸ்திரிக்கு வருகிறேன். கண்ணாடிக் குழாய் கீறியது என்று போன மாதமே சொன்னாய். இன்னும் ஒட்டியிருக்கிறது. காயம் ஆற முதலில் கொஞ்சம் சிவந்து வீங்க வேண்டும், வீக்கமும் ஒரு காவல்காரன்தான், அவனை ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடக் கூடாது என்றதும் நீதானே. பிளாஸ்திரியை எடுத்துக் காட்டச் சொன்னேன். உடனே சிக்னல் போய்விட்டது. சிக்னலுக்கும் சமயம் பார்க்கத் தெரிகிறது.

வேறு டாக்டர், வேறு மாத்திரை என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். அப்படியிருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாய். பிள்ளை அந்த மருந்தைத் தன் மேலேயே போட்டுப் பார்க்கிறாளோ என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "வாரத்துக்கு ஒரு ஊசிதானே, அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க" என்றாள். ஊசி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லி அழுதாள். "அவ தலையை அவளே பின்னிக் காட்டினா. அதைப் பாத்துட்டு எந்த வாயால வேணாம்னு சொல்றது" என்றாள்.

உன் மேலதிகாரியின் முகவரி என்னிடம் இருக்கிறது. எழுதினால் உன் வேலை போகும். எழுதாவிட்டால் எது போகுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். ஊசியை நிறுத்து. ஒரு டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல், பூசி மெழுகாதே.

மருந்து உடம்பைவிட்டு இறங்க நாளாகும் என்றால் காத்திருக்கிறேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டிலை எடு. திறக்க வராமல், முன்பு போலப் பக்கத்து அறைத் தோழியிடம் நீட்டு. நடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளையின் கை நோகட்டும் என்று எந்த அப்பனாவது வேண்டுவானா? நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், கண்ணே.

நொந்த கையோடாவது நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா