கைரம்பத்துக்கு அடித்த யோகம்

ஏரிகள் நிறைக. கரைகள் நிலைக்க. உழுவோர் வீட்டு அடுப்பு அணையாதிருக்க.

வெண்கரை நாட்டின் காவலரும், பேரேரிக்கு உடையவரும், மதகு காத்த குலத்தில் உதித்தவரும், இந்நாளில் கருங்கல்மேட்டுப் பாசறையில் தங்கிப் பழைய மதகைப் புதுப்பித்து வருபவருமாகிய அடலேறு வேள் மகாராசருக்கு, தலைநகரில் முத்திரை காத்து வீற்றிருக்கும் பட்டத்துத் தேவி கயல்வேணியார் விடுக்கும் ஓலை. அரசர் திருமேனிக்கு நலம் உண்டாகுக. அரசர் கேட்டனுப்பிய கைரம்பத்துக்கும் நலம் உண்டாகுக. அதன் நலத்தைச் சொன்னால்தான் அரசர் மேற்கொண்டு வாசிப்பார் என்பது தேவியாருக்குத் தெரியும்.

அரசரின் ஓலை வந்தபோது தேவியார் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்தக் காய்ச்சல் அரசர் புறப்பட்ட அன்றே கண்டது, அரசரும் அறிவார். ஓலை என்ற சொல் காதில் விழுந்ததும் தேவியார் எழுந்து, முகம் கழுவி, பொட்டும் இட்டுக்கொண்டு, வாசிக்கச் சொன்னார். பட்டம் ஏற்ற நாளில் கையேற்ற ரம்பத்தாலேயே மதகுப் பலகையின் முதல் அறுப்பை அரசர் அறுக்கவேண்டும் என்பது வழக்கமாதலால், மறந்து விட்டுவந்த அந்த ரம்பத்தை உடனே அனுப்புக என்றிருந்தது. அதன் பல் ஒன்றும் மழுங்கலாகாதாம், பனி படலாகாதாம், குலுங்காமல் வர ஓர் உறை செய்யவேண்டுமாம். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தும், காய்ச்சல் விட்டதா என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

தேவியாருக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மூடுவானேன். பெண்ணாக இருந்தால் சக்களத்தி என்று சொல்லி மயிரைப் பிடிக்கலாம், இரும்பைப் பிடித்து என்ன செய்வது என்று தோழியரிடம் சொல்லி அன்று உணவையும் தள்ளிவிட்டார்.

ஆயினும் அரசர் சொல் அரசர் சொல்லாகையால், படைக்கலக் கொட்டிலில் வாளுறை தைக்கும் சாத்தங்குமரரை வரவழைத்தார். அரண்மனை இரும்பு எதுவானாலும் நுனி முதலில் உறைக்குள் இறங்குவதே முறை என்று கூறி, அவர் வாளுக்குத் தைப்பது போலவே நீளத் தைத்துத் தந்தார். தூதன் அதைத் தோளில் மாட்டிக் குதிரையேறி முற்றத்தை ஒரு சுற்று வருவதற்குள், பற்கள் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து குதிரையின் விலாவைக் கீறிவிட்டன. சாத்தங்குமரர் தலை குனிந்து நின்றார். தேவியாருக்கோ உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அதே உறையை அதே விதமாக மறுபடியும் தைக்கச் சொன்னார், அதுவும் அறுந்தது. நாளெல்லாம் இப்படியே தைக்கட்டும் என்றுதான் இருந்தார்.

அப்போது மேற்கே மழை கறுத்தது. முதல் அறுப்பு நடவாமல் பலகை ஏறாது. பலகை ஏறாமல் வெள்ளம் வந்தால் கீழ்க்கரை ஊர்கள் மிதக்கும். அங்கே குழந்தை பெற்று வளர்க்கிறவர்களுக்கும் இந்த ரம்பத்துக்கும் என்ன பகை. தேவியார் தாமே தரையில் உட்கார்ந்தார்.

நீண்ட மூங்கில் ஒன்றை ஒரு பக்கம் மட்டும் பிளக்கச் செய்து, அந்தப் பிளவில் பல்வரிசை முழுவதையும் பொருத்தினார். தகட்டுக்கு நல்லெண்ணெய் தடவினார். எருமைத்தோலை மூங்கிலோடு சேர்த்து மடித்து, உறையின் வாய் ரம்பத்தின் முதுகுப் பக்கம் வரும்படி விட்டு, கயிற்றால் கட்டினார். தையல் இருந்தால்தானே பல் அறுக்கும். உள்ளே சுற்ற மெல்லிய துணி வேண்டியிருந்தது. தேவியார் தம் பட்டில் ஒரு நூலையும் தொடவில்லை. அரசர் விழாவுக்கு அணியும் மேலாடையைக் கிழித்தார். கிழிக்கும்போது இதமாகவே இருந்தது. அதை அணிந்துகொள்ள இனி ரம்பத்துக்குத்தான் உரிமை என்று தோழியரிடம் கூறினார்.

குதிரையில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தாயிற்று. ஒரு பல்லும் நோகவில்லை. அரசர் மகிழ்க.

இனி ஆணை. அரசர் தலைநகர் எல்லையைக் கடந்தால் முத்திரை தேவியின் கைக்கு வருவதும், அம்முத்திரை இட்ட ஓலைக்கு அரசரும் அடங்குவதும் இந்நாட்டு வழக்கம். உறையின் முடிச்சின்மேல் அம்முத்திரை இடப்பட்டுள்ளது. இட்ட கையே அதை உடைக்கவேண்டும்; ஆகவே இவ்வோலைக்குப் பின்னாலேயே கை வருகிறது, கையோடு தேவியாரும் பல்லக்கில் வருகிறார், உறை அவர் மடியில் வருகிறது. பல்லக்கு இறங்கியதும் அரசர் முதலில் தேவியாரின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கவேண்டும். காய்ச்சல் விட்டதா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். பதிலை முழுதும் கேட்கவேண்டும். அது சற்று நீளமாகவே இருக்கும். அதுவரை உறையின் பக்கம் கண் திரும்பலாகாது.

அதன்பின் முத்திரை உடையும், பலகை அறுபடும், ஏரி நிற்கும். மழை வந்துகொண்டிருக்கிறது, ஆதலால் அரசர் கேள்வியை இப்போதே சொல்லிப் பழகிக்கொள்க.

மேகம் அறிய, ஏரி அறிய, இது கயல்வேணித் தேவியார் முத்திரை.