பின்கதவு திறந்திருக்கிறது என்று எழுதியவன்

என்னை இடுப்பில் சுமந்துகொண்டு மலாயாவுக்குக் கப்பலேறிய என் அக்கா செல்லம்மாவுக்கு,

நீ போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. இத்தனை நாளும் உன்னிடம் பேச எனக்கு வாய் எழவில்லை. இன்று காலை உன் மகள் வள்ளி வந்து சொன்னதைக் கேட்ட பிறகு, உன்னைத் தவிர வேறு யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. எழுதி முடித்ததும் இதை ஈப்போவில் இருக்கும் தமிழ்ப் பத்திரிகைக்காரரிடம் கொடுக்கப்போகிறேன். ஊர் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான் அக்கா. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். கோர்ட்டில் நான் பாதியைத்தான் சொன்னேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைத்தபோது உன் பெயரையும் அடித்துவிட்டார்கள். மச்சான் காய்ச்சலில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீ வள்ளியை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாய். நான் அப்போது தீயணைப்புப் படையில் இருந்தேன். இங்கே எல்லோரும் சொல்கிறபடி, பொம்பாவில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் இங்கிலீஷும், தெருவில் படித்த மலாயும் எனக்கு இருந்ததால், கடைகளையும் கிடங்குகளையும் சோதனை போடப் போகும்போதெல்லாம் எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அதைப் பார்த்து உனக்கு எவ்வளவு பெருமை!

நீ ரப்பர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். ஷீட்டைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. முப்பது பெண்கள். அந்தக் கிடங்குக்கும் ஒரு நாள் துரையோடு வந்தேன். முன்வாசலில் பெட்டிக்குச் சூட்டுக்கோலால் குறி போட ஒரு கரி அடுப்பு கனன்றது. அதை ஒட்டி மண்ணெண்ணெய் டின்கள். துரை முகம் சுளித்தார். நேராகப் பின்பக்கம் நடந்தார். பின்கதவுக்கு வெளியே குறுக்கே இரும்புச் சட்டம், உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டார். முதலாளியிடம் என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். முதலாளி எங்கே? சாயங்காலம்தான் வருவார். ஷீட்டு திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டாம்.

பதினான்கு நாள் கெடு. டின்களை அகற்ற வேண்டும். ஆட்கள் உள்ளே இருக்கும்வரை பின்கதவு உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். நோட்டீஸை நான்தான் தமிழில் உரக்கப் படித்தேன். நீ ஷீட்டுக் கட்டின்மேல் கைவைத்து நின்று கேட்டாய்.

கெடு முடிந்த அன்று துரை என்னைத் தனியாக அனுப்பினார். டின்கள் போயிருந்தன. கதவு அப்படியே இருந்தது. தச்சனிடம் சொல்லியிருக்கிறேன், தீபாவளி கழியட்டும் என்றார் முதலாளி. நான் சோதனைப் புத்தகத்தை எடுத்தேன். அப்போதுதான் நீ வந்தாய்.

"தம்பி, என்னா எழுதப் போறே?"

"கதவு பூட்டியிருக்குன்னுதான் அக்கா. தொர கெடங்க மூடிருவாரு."

"மூடிட்டா நாங்க எங்க போறது? தோட்டத்துல திரும்பச் சேக்க மாட்டேங்கிறாங்க. முப்பது பொம்பளைங்க இருக்கோம்லா. தீவாளி வரைக்கும் விட்டுரு. கதவு எங்கயும் ஓடிப் போவாது."

"சட்டம் இருக்கு அக்கா."

"சட்டமா சோறு போடுது? நான் இதுக்கு முன்ன உங்கிட்ட எதாச்சும் கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. உன் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இங்கிலீஷில் ஒரே வரி எழுதினேன். டின்கள் அகற்றப்பட்டன, பின்கதவு திறந்திருக்கிறது. துரை அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இனி யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று ஆனதும், அடுத்த வாரமே டின்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நீ பார்த்திருப்பாய். என்னிடம் ஏன் அக்கா சொல்லவில்லை? சொன்னால் நான் மறுபடி புத்தகத்தைத் திறப்பேன் என்று பயந்தாயா?

அன்று காலை பதினொரு மணி இருக்கும். மணி அடித்தது. தெருப் பெயரைச் சொன்னார்கள். அது கிடங்கு இருக்கும் தெரு. கூட வேலை செய்யும் கோவிந்தன்தான் என்னை வண்டியில் பிடித்து ஏற்றினான். முன்வாசல் முழுக்க நெருப்பு. ரப்பர் எரிகிற கரும்புகை தெருவையே மூடியிருந்தது. மற்றவர்கள் குழாயை இழுத்தார்கள். நான் கோடாலியை எடுத்துக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன். எங்கே ஓட வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும்.

கதவை உள்ளிருந்து அடிக்கிறார்கள். எத்தனையோ கைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உன் குரல் கேட்டது.

"ஒடைங்கடா! யாராச்சும் ஒடைங்கடா!"

"அக்கா, நான்தான் வந்திருக்கேன்! கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க!"

என் குரல் உனக்குக் கேட்டதா? இதை மட்டும் தெரிந்துகொள்ள என் மிச்ச ஆயுளைக் கொடுப்பேன். நானும் கோவிந்தனும் மாறி மாறி வெட்டினோம். நல்ல மரம், தகரம் வேறு அடித்திருந்தது. பாதி வெட்டும்போதே உள்ளே தட்டுவது குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கதவு விழுந்ததும் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சந்தில் சரிந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் சந்துக் காற்று பட்டதும் மூச்சு வந்தது. மூன்று பேருக்கு வரவில்லை. நீ நிலையை ஒட்டிக் கிடந்தாய். நெருப்பு உன்னைத் தொடவே இல்லை. புகைதான். உன் இரண்டு உள்ளங்கையும் தோல் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளை நான்தான் கழுவிவிட்டேன்.

விசாரணைக்கு முதல் நாள் கோவிந்தன் வந்தான்.

"மச்சான், அன்னிக்கிக் கதவு தொறந்துதான் இருந்துச்சு, பொறவு பூட்டிட்டாங்கன்னு சொல்லிரு. யாரு மறுக்கப்போறா? வேலையாச்சும் மிஞ்சும்லா."

சொல்லிவிடலாம் என்றுதான் கூண்டில் ஏறினேன். முதலாளியின் வக்கீல் என் புத்தகத்தை உயர்த்திக் காட்டி, கதவு திறந்திருப்பதாக பொம்பாவே எழுதியிருக்கிறது என்றார். எதிரே, அன்று வெளியே வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. நான், "கதவு பூட்டித்தான் இருந்தது. பொய் எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் எழுதினாய் என்று மாஜிஸ்திரேட் மூன்று தடவை கேட்டார். உன் பெயரை அங்கே எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் லஞ்சம் வாங்கியதாக ஊர் முடிவுகட்டிவிட்டது. கடைத்தெருவில் நடந்தால், அக்காளை விற்றவன் என்று காதுபடச் சொல்கிறார்கள்.

துரை என் தொப்பியையும் இடுப்புப் பட்டையையும் வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பூட்டை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டுத் தச்சன் வரும்வரை பொறுத்திருப்பேன், கிடங்கை மூடியிருக்க மாட்டேன், ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றார். அக்கா, அவரிடம் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அவர் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் நீ இன்று உயிரோடு இருப்பாய். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது, எப்படிச் சாப்பிடுவது?

முதலாளி அபராதம் கட்டினார். அடுத்த தெருவில் புதுக் கிடங்கு திறந்திருக்கிறார்.

வள்ளி விசாரணை முடிந்த அன்றே, கிடங்கில் உன்னோடு வேலை செய்த ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டாள். என் முகத்தையே பார்க்கவில்லை. இன்றுதான் உன் சேலைகளை எடுத்துப்போக வந்தாள்.

"திங்கக்கெழமலேருந்து வேலைக்குப் போறேன் மாமா."

"எங்க?"

"அதே மொதலாளிகிட்டத்தான்."

"வேணாம்மா. ஒன் கால்ல விழுறேன், வேணாம்."

"வேற எங்க போறது, நீங்களே சொல்லுங்க."

அவள் சேலையை மடித்தபடியே கேட்டாள்.

"கோர்ட்டுல ஏன் மாமா சொல்லல?"

"என்ன?"

"அம்மாதான் கேட்டுச்சுன்னு. அன்னிக்கி வந்து எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னுச்சு, தம்பிகிட்ட சொல்லிட்டேன், வேல போவாதுன்னு. நீங்க அம்மா பேரச் சொல்லிருவீங்களோன்னு பயந்துகிட்டே கோர்ட்டுல உக்காந்திருந்தேன். நீங்க சொல்லல. அப்பறம் ஒங்க மொகத்தப் பாக்க முடியல மாமா."

இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். உனக்காக நாங்கள் சேர்ந்து அழுதது இன்றுதான். எழுந்து போகும்போது அவள் சொன்னாள்: "சொல்லிருங்க மாமா. இல்லாட்டி நாங்களும் அம்மா மாதிரி, கதவ விட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்போம்."

அதனால்தான் சொல்லிவிட்டேன். உன்மேல் பழி போட அல்ல. பட்டினிக்குப் பயந்து நீ கேட்டாய்; உன் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லப் பயந்து நான் எழுதினேன். எழுதியது நான். சட்டமும் அதிகாரமும் அன்று என் கையில்தான் இருந்தன.

இன்று என்னிடம் தொப்பி இல்லை, புத்தகம் இல்லை, என் பேச்சை நம்ப ஆளும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை, பெண்கள் உள்ளே போகும் முன்பே, அந்தக் கிடங்கின் பின்சந்தில் நான் நிற்பேன். மறுநாளும் நிற்பேன். பூட்டைப் பார்த்தால் துரை அறை வாசலுக்கு ஓடுவேன். அவர் துரத்தினால் தெருவில் நின்று கத்துவேன். வள்ளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டாலும் சரி, நீயே எழுந்து வந்து கேட்டாலும் சரி, என் கையால் இழுத்து, அது திறந்து, உள்ளே இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல், திறந்திருக்கிறது என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் அக்கா.

உன்னிடம் ஒரே ஒரு தடவை மறுத்துப் பேசியிருக்க வேண்டிய,
உன் தம்பி மாணிக்கம்