விளக்கை இறக்கிய தலைவருக்கு

இன்று காலையில் பக்கத்து வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போட்டார்கள். வடிகஞ்சியில் நீலம் கலக்கும்போது வருமே ஒரு வாசனை, அது சுவரைத் தாண்டி வந்ததும் உங்கள் நினைப்புத்தான். மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் உங்களுக்கு ஒரு கைலியும் பனியனும் போதும். பஞ்சாயத்துத் தலைவர் ஆனதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டுக்கும் கஞ்சி. விறைப்பில் அது தானாகவே நிற்கும். தலைவருக்கு முன்னால் சட்டை வந்துவிடுகிறது என்று நான் கேலி செய்வேன். நீங்கள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஓட்டுக் கேட்டுப் போன தெருவில் எல்லாம், ஊருக்கு விளக்குப் போட்டுத் தருவேன் என்றுதான் சொன்னீர்கள். கோயில் வாசலை விட்டால் நம் ஊரில் மற்ற இடமெல்லாம் இருட்டு. ஜெயித்த பிறகு திருச்சுழி யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தீர்கள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு வழியாக டியூப் லைட்டுகள் வந்தன. அதில் ஒன்றை ஊரணிக்கு மேற்கே, கருவக்காட்டுக்குப் போகிற பாதையில் போட்டீர்கள். பெண்கள் இருட்டில் போய் வருகிறார்களே, பூச்சிபொட்டு கிடக்குமே என்று உங்களுக்குக் கவலை. அந்த விளக்கு எரிந்த முதல் சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே என்னோடு நின்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

அந்தக் கருவக்காடுதான் எங்களுக்குக் கக்கூஸ். அப்போது ஊரில் எந்த வீட்டிலும் அந்த வசதி கிடையாது. ஆண்கள் எந்த நேரமும் கண்மாய்ப் பக்கம் போய் வருவீர்கள். நாங்கள் விடிவதற்கு முன்னால் போக வேண்டும், தவறினால் பொழுது சாய்ந்து முகம் தெரியாமல் போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். எங்களுக்கு அந்த இருட்டுதான் கதவு. அந்தக் கதவுக்கு நேராகத்தான் விளக்கைப் போட்டிருந்தீர்கள்.

இதை உங்களிடம் யார் சொல்வது? நம் பக்கத்தில் வெளிக்குப் போகிற பேச்சைப் பெண்டாட்டி புருஷனிடம் பேச மாட்டாள். 'ஊரணிப் பக்கம் போயிட்டு வாரேன்' என்று சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்புவாள். புருஷன் காதில் விழாதது மாதிரி இருப்பான். அதுதான் மரியாதை என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. எடை குறைத்துச் சரக்குப் போட வந்த அருப்புக்கோட்டை வியாபாரியை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டவள் நான். இந்தப் பேச்சுக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

கொஞ்ச நாளில் அந்த டியூப் உடைந்தது. புதிது மாட்டினீர்கள், அதுவும் உடைந்தது. உங்களுக்குச் சந்தேகம் தேர்தலில் உங்களிடம் தோற்றுப்போன அந்தத் தம்பி மேல். அருப்புக்கோட்டையில் பவர்லூம் தறிக்கு வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வருகிறவன். வாய்த்துடுக்கு இருந்ததே தவிர, கெட்டவன் இல்லை. மறுபடியும் டியூப் உடைந்த அன்றைக்குக் காலையில் கஞ்சிச் சட்டையை மாட்டிக்கொண்டு, திருச்சுழி போலீஸ் ஸ்டேஷனில் அவன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்கள். தலைவர் எழுதிக் கொடுத்தால் அவனைத் தறியிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவன் பெண்டாட்டிக்கு அது நிறைமாதம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, அந்தத் தம்பி ஒடைக்கல. ஒடச்சது பொம்பளைக."

"எந்தப் பொம்பளைக?"

"நம்மூருப் பொம்பளைகதான். அந்த எடத்துல வெளக்கப் போட்டுட்டீக. நாங்க எங்க போயி ஒதுங்குறது?"

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. "நீயும் எறிஞ்சியா?" என்று கேட்டீர்கள்.

"எறிஞ்சேன். என் கல்லு படல."

அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். திருச்சுழி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே ஆளை விட்டு விளக்கை இறக்கினீர்கள். ஊர்க்கூட்டத்தில் அந்தத் தம்பிதான் எழுந்து கேட்டான், வெளக்குப் போடுவேன்னு ஓட்டு வாங்கினீக, இப்ப நீங்களே எறக்குறீக, இது என்ன கூத்து என்று. கூட்டமே சிரித்தது. நீங்கள் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாய் அடைத்திருக்கும். ஆனால் ஓரமாக நின்ற நாங்கள் அத்தனை பேரும் தலைகுனிந்திருப்போம். நீங்கள் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான் போட்ட எடம் தப்பு. மாத்திப் போடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவன் ஸ்டேஷன் வாசலுக்குப் போகாமல் தப்பியது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

அதற்கப்புறம் எதைச் செய்வதென்றாலும் முதலில் என்னைத் தூது அனுப்புவீர்கள். கடைக்குச் சாமான் வாங்க வருகிற பெண்களிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைப்பேன். விளக்கு பஸ் நிற்கிற இடத்தில் வேண்டும் என்றார்கள். அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு வேலைக்குப் போய்விட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். அங்கே வெளிச்சம் வந்ததும் ஒருத்தி அவித்த கடலை விற்க உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருத்தி பூக்கூடையை இறக்கி வைத்தாள். பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் பெண்கள் நின்று பேசினார்கள். சாயங்காலத்தில் பெண்கள் நின்று பேசுவதற்கு அதுவரை நம் ஊரில் ஓர் இடம் இருந்ததில்லை.

பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட ஏற்பாடு செய்தபோதும் கேட்டீர்கள். ஆபீசில் போட்ட வரைபடத்தில் கதவு ரோட்டைப் பார்த்து இருந்தது. உள்ளே போவதையும் வருவதையும் ஊரே பார்க்கும், அதற்குக் கருவக்காடே மேல் என்றார்கள் பெண்கள். கதவைப் பின்பக்கம் திருப்புவதற்கும், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கும் நீங்கள் திரும்பவும் அலைந்தீர்கள். அதனால் உங்களுக்குக் கிடைத்த பட்டம் 'கக்கூஸு தலைவரு'. அடுத்த தேர்தலில் அந்தத் தம்பி ஜெயித்தான். விளக்கை இறக்கின கதையைத்தான் வீட்டுக்கு வீடு சொன்னான். உண்மை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை, வீட்டு ஆண்கள் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீங்களோ, அவன் ஜெயித்தால் என்ன, கதவு திரும்பின பக்கமேதானே இருக்கப்போகிறது என்று சொல்லிவிட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் யார் யாரோ எதை எதையோ சொல்கிறார்கள். நான் வைத்திருப்பது அந்த ஊர்க்கூட்டம் முடிந்த சாயங்காலத்தை. சாப்பிட்டுக் கை கழுவினீர்கள். துண்டை வாங்கிக்கொண்டு துடைக்காமல் நின்றீர்கள். ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்த மாதிரி மெதுவாகக் கேட்டீர்கள்.

"மூத்தவ வயித்துல இருக்கப்ப நல்ல மழக்காலம். அப்பவும் அந்தக் காட்டுக்குத்தான் போனியா?"

ஆமாம் என்றேன்.

"தனியாவா?"

அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெற்ற தாய்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எங்களைக் கேட்காமலே எங்களுக்கு நல்லது செய்ய வந்தவர்கள் உங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள், பின்னாலும் வந்தார்கள். கேட்ட ஒருவரோடு குடித்தனம் நடத்தியவள் நான்.